சிப்பாய் வீரனின் கோட்டு

திண்டிவனம்
14-5-1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. பஸ்ஸில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுதான் வந்தேன். ஆனாலும் எனக்கு அலுப்பே தெரியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே.

மாமாவின் கிராமத்து ஏரிக்கரையில், ஐயனார் குதிரைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கிறாரே சிப்பாய் வீரன், அவரைப் பார்க்கத்தான் உன் வீட்டுக்கு வந்த சாக்கில் கெடார் வழியாக அங்கே போனேன். என் பைத்தியம் உனக்குத் தெரியும். ஈயத்தை உருக்கிச் சுண்டுவிரல் உயரத்துக்குச் சிப்பாய்களை வார்த்து, வர்ணம் பூசி, மேசையில் அணிவகுத்து, பகடை உருட்டி வந்தவாசிச் சண்டையைத் திரும்ப நடத்துகிற ஆட்டம். இங்கே இதை ஆட நான் ஒருவன்தான். இங்கிலாந்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஹார்ட்லி என்ற தபால்காரர் எனக்குக் கடித நண்பர். கும்பெனிக் காலத்து மதராஸ் சிப்பாய்களின் உடுப்பையும் ஆயுதத்தையும் படம் வரைந்து, எங்களைப் போல வர்ணம் பூசுகிறவர்களுக்காக ஒரு கையேடு தயாரிக்கிறார். பொத்தான் ஒன்று இடம் மாறினாலும் எங்களுக்குச் சோறு இறங்காது.

வீரனுக்கு இப்போது மேலே இருப்பது பச்சைக் கோட்டு. பிளேடால் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே மஞ்சள், கடைசியில் சிவப்பு! கும்பெனிச் சிவப்பு, அக்கா! மேலே குறுக்கே பொன்நிறக் கயிறு, தோளில் குஞ்சம். எந்தப் பட்டாளத்துப் படத்திலும் நான் பார்க்காத கோட்டு. இன்னொரு அதிசயம், துப்பாக்கிக் குழல் மேல் அவருடைய விரல்கள் ஒன்றுவிட்டு ஒன்று தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன. எந்தக் கவாத்துப் புத்தகத்திலும் அப்படி ஒரு பிடி இல்லை.

உங்கள் நிலத்தில் வேலை செய்கிற சின்னக்கண்ணுதான் வெயில் படாமல் எனக்குக் குடை பிடித்தான். "சாமி மேல பிளேடு வெக்கலாமாங்க?" என்று தயங்கினான். மாமாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன். சொல்லவில்லைதான், சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார். சிலை ரொம்பப் பழசா என்று கேட்டேன். "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து நிக்கிதுங்க" என்றான். நூற்றைம்பது வருஷமாவது இருக்கும் என்பது என் கணிப்பு.

பஸ் பிடிக்கிற அவசரத்தில் குடையை அவனிடமே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பத்திரமாக வைக்கச் சொல்.

தம்பி
சீனு

---

விழுப்புரம்
23-5-1984

சீனுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே கிராமத்திலிருந்து ஆளும் வந்தான். முதலில் ஆள் சொன்னதைக் கேட்டேன். பிறகு உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் புரிந்தது.

நீ போன மறுநாள் காலையில் பூசாரி போய்ப் பார்த்திருக்கிறார். சாமியின் நெஞ்சு தோல் உரித்தது போல் இருந்திருக்கிறது. ஊர் கூடிவிட்டது. ஏரிக்கரையில் புல் அறுத்த குப்பம்மாள், "செல முன்னால யாரோ குடைய விரிச்சிக்கினு குந்திக்கினு இருந்தாங்க, காலுதான் தெரிஞ்சிது, மொகம் தெரியல" என்றிருக்கிறாள். குடை எங்கே என்று தேடினார்கள். காலனியில் சின்னக்கண்ணு வீட்டுக் கூரை வாரையில் தொங்கியது. நீ பத்திரமாக வைக்கச் சொன்ன குடை.

அவனைக் கரையில் இருக்கிற பனைமரத்தில் கட்டினார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். "பெரிய வீட்டம்மாவோட தம்பிதாங்க சொரண்டுனாரு. நான் கொடதாங்க புடிச்சேன்" என்றான். அதைச் சொன்னதற்காக வாயிலேயே அடித்தார்களாம். "பெரிய வீட்டு மேலயே பழி போடறியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். உதடு கிழிந்துவிட்டது.

உன் மாமா அன்றைக்கு அங்கேதான் இருந்தார். லீவு போட்டுவிட்டுக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆள் வந்து சொன்ன பிறகு, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் என்னாத்த சொல்றது? உன் தம்பியக் கொண்டாந்து கட்டுங்கடான்னு சொல்லணுமா?" என்றார். என்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்து" என்றார். நான் ஊற்றினேன். என் கையைப் பார்க்கவே எனக்கு இப்போது பிடிக்கவில்லை.

அந்தக் குடையின் உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் க.சீ. என்று எழுதியிருக்கிறாய். அந்த ஊரில் எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவன்கூடவா இல்லை?

உடனே புறப்பட்டு வா. கோயில் முன்னால் நின்று, நான்தான் சுரண்டினேன், அவன் குடை பிடித்தவன் என்று சொல். அதற்கு மேல் உன்னை எதுவும் கேட்கவில்லை.

லட்சுமி

---

திண்டிவனம்
30-5-1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இந்தக் காலத்திலும் மனிதனை மரத்தில் கட்டுவார்களா? காட்டுமிராண்டித்தனம். நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் நீ கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். நான் வங்கியில் வேலை செய்கிறவன். கோயில் சிலையைச் சேதப்படுத்தினேன் என்று நானே ஊர் நடுவில் சொன்னால் அது போலீசு கேசாகும். ஜூன் கடைசியில் எங்களுக்குக் கணக்குத் தணிக்கை வேறு. இப்போது லீவு கேட்டால் மேலாளர் எரிந்து விழுவார். எனக்கு ராஜாமணி, இரண்டு பெண்பிள்ளைகள் என்று குடும்பம் இருக்கிறது, மறந்துவிடாதே.

மாமா சொன்னால் ஊர் கேட்கும். அவரே பக்குவமாக, "பையன் தெரியாம செஞ்சிட்டான், ஆராய்ச்சிக்காரன்" என்று எடுத்துச் சொல்லலாமே. உண்மையில் பார்த்தால் நான் சேதம் எதுவும் செய்யவில்லை. வருஷா வருஷம் கடையில் எந்த டப்பா மலிவோ அதை வாங்கி அந்த அருமையான கோட்டின் மேல் அப்பியவர்கள் அவர்கள்தான். நான் அடியில் இருந்ததை வெளியே கொண்டுவந்தேன். கையேடு வெளிவந்தால் அந்த ஊருக்கே பெருமை.

ஹார்ட்லிக்குப் போட்டோக்களும் என் வர்ணப் படமும் போய்விட்டன. கைமடிப்பு மஞ்சளா, வெள்ளையா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் தனி நிறம், அதை வைத்துத்தான் எந்தப் பட்டாளம் என்று சொல்ல முடியும். கைமடிப்புப் பக்கம் நான் சுரண்டவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

சின்னக்கண்ணுவுக்கு உதடு ஆறிவிட்டதா? எழுது.

சீனு

---

விழுப்புரம்
8-6-1984

சீனுவுக்கு,

அடுத்த முறையா? அந்த வார்த்தையை எழுதிய பிறகு கடிதத்தை மடித்து, எச்சில் தொட்டு ஒட்டி, தபாலில் போடவும் உனக்கு மனசு வந்திருக்கிறது.

முந்தாநாள் சின்னக்கண்ணுவின் பெண்சாதி முனியம்மாள் விழுப்புரத்துக்கே வந்துவிட்டாள். பஸ்ஸுக்குக் காசுகூட இல்லாமல் நடந்தே வந்திருக்கிறாள். முன்வாசலுக்கு வரவில்லை, கொல்லைப்புறம் வந்து துவைக்கிற கல் பக்கத்தில் நின்றாள். அவர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லையாம். மோட்டார் கொட்டகையில் தண்ணீர் பிடிக்கக் கூடாதாம். ஊர்த் தெரு வழியாக நடக்கக் கூடாதாம். காலனியில் இருப்பவர்களே, "உன்னால எங்களுக்கும் பேஜாரு" என்று ஒதுங்குகிறார்களாம். மனிதன் வாயைத் திறக்க முடியாமல் கூழைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறான்.

"அம்மா, சாமி மேல கை வெச்சது யாருன்னு ஒங்களுக்குத் தெரியும். நாங்க வேற ஒண்ணும் கேக்கல. ஊர்ல வந்து ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரு சாமி குத்தம் செஞ்சவருன்னு பேரு எடுத்துக்கினு எப்பிடிம்மா அந்த ஊர்ல இருக்கறது?" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய் அரிசியும் ஒரு பழைய புடவையும் எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் கைக்கு அதுதான் பழக்கம். அவள் வாங்கினாள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தபோது இரண்டும் துவைக்கிற கல் மேலேயே இருந்தன, அவளைக் காணவில்லை.

உன் மாமாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லச் சொன்னாயே, சொன்னேன். "ஆறிப்போன விசயத்த ஏன் கிண்டறே? ஆடித் திருவிழா வந்தா புதுசா பெயிண்ட் அடிச்சிடுவாங்க, மறந்துடுவாங்க" என்றார். அவருக்குப் பெயிண்ட், உனக்குப் பெயிண்ட். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் ஊறினவர்கள்.

நீ அவர்களைக் காட்டுமிராண்டி என்று எழுதியிருந்தாய். மரத்தில் கட்டினவன் முகத்தையாவது நான் பார்க்கலாம் என்றிருக்கிறது. உன்னுடைய அந்த வரியைத்தான் என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளி திருவிழா. அதற்கு முன்னால் வா.

லட்சுமி

---

திண்டிவனம்
25-6-1984

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தில் நீ எழுதியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கும் தூக்கம் இல்லை. உனக்கு அது தெரியாது.

இருந்தாலும் ஒரு நல்ல செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹார்ட்லியின் ஆட்டக்காரர் சங்கத்து இதழ் இன்று வந்தது. நடுப்பக்கம் முழுக்க நம் சிப்பாய் வீரன்! என் படத்தை அப்படியே போட்டிருக்கிறார்கள். இந்தக் கோட்டு இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு மதராஸ் பட்டாளத்தின் உடுப்பாக இருக்க வேண்டும் என்று ஹார்ட்லி இரண்டு பத்தி எழுதியிருக்கிறார். அந்த விரல் வைப்புக்கு 'திண்டிவனம் பிடி' என்றே பெயர் சூட்டிவிட்டார். அங்கே ஏற்கெனவே மூன்று நான்கு பேர் தங்கள் சிப்பாய்களின் விரல்களை அரத்தால் ராவித் திருத்துகிறார்களாம். நம் ஊர்ப் பெயர் ஹார்ட்லியின் லீட்ஸ் நகரத்தில் மேசை மேல் நிற்கிறது, அக்கா.

நானும் அதே மாதிரியில் ஒன்று வார்த்து வர்ணம் பூசினேன். பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்து இத்துடன் அனுப்புகிறேன். குஞ்சத்துக்கு ஒற்றை மயிர்த் தூரிகைதான். உன் கண்ணாடி அலமாரியில் வை.

லீவு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் என் பெயரைச் சொல்லிச் சின்னக்கண்ணுவுக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடு. கோயிலுக்குப் புதுப் பெயிண்டு செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று மாமாவிடம் சொல். நல்ல கம்பெனிப் பெயிண்டாக, சரியான சிவப்பாகப் பார்த்து நானே வாங்கி அனுப்புகிறேன்.

சீனு

---

விழுப்புரம்
1-7-1984

சீனுவுக்கு,

தீப்பெட்டி வந்தது. உன் பொம்மையைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தேன். இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகு கூடத்துக்குப் போய் என் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கினேன்.

நீ பொத்தானைப் பற்றி இங்கிலாந்துக்காரனைக் கேட்டாய். நிறத்தைப் பற்றிப் பிளேடைக் கேட்டாய். விவரம் தெரிந்த நாளிலிருந்து நிற்கிறது என்று சொன்ன மனிதனுக்கு இப்போது என்ன வயது என்றுகூட நீ கேட்கவில்லை. சின்னக்கண்ணுவுக்கு முப்பது முப்பத்திரண்டு இருக்கும். அந்தச் சிலையை எப்போது செய்தார்கள் என்று என்னை ஒரு தடவை கேட்டிருந்தால் நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

என் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் செய்தார்கள்.

1957 கார்த்திகை மழையில் ஏரிக்கரை உடைந்து பழைய சிப்பாய் வீரன் தண்ணீரோடு போய்விட்டார். அது வெறும் மண் சிலை, கையில் கம்பு வைத்திருந்ததாம். வீட்டுக்கு மருமகள் வந்த நேரத்தில் சாமி போய்விட்டதே என்று என் மாமனார் பயந்துபோய், பண்ருட்டியிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். அவர் எங்கள் வீட்டில்தான் தங்கினார். புதுப் பெண்ணாக நான்தான் அவருக்குச் சோறு போட்டேன். "குதுர செய்வேன், முனி செய்வேன். சிப்பாய நான் கண்ணால பாத்ததில்லீங்களே" என்றார். மாமனாரும் பார்த்ததில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, புதிதாக மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டி, "இதோ, இந்த ஓரத்துல நிக்கிறாம் பாரு, அதுமாதிரி போட்டுடு. கையில துப்பாக்கியக் குடுத்துடு" என்றார்.

ஓரத்தில் நின்றவன் விழுப்புரம் பேண்டு வாத்தியக்காரன். சிவப்புக் கோட்டு, குறுக்கே பொன் கயிறு, தோளில் குஞ்சம். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் நிறம் தெரியாது, சிவப்பு என்று கொத்தனாருக்கு மாமனார்தான் சொன்னார். அவன் கையில் இருந்தது கிளாரினெட். விரல்களை ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறான் என்று உனக்கு இப்போது புரிகிறதா? உன் திண்டிவனம் பிடி அதுதான். கொத்தனாருக்குக் கையை மாற்றிச் செய்ய வரவில்லை, போட்டோவில் பார்த்தபடியே செய்துவிட்டுத் துப்பாக்கியைச் செருகினார்.

அந்தப் போட்டோவில் பேண்டுக்காரன் பக்கத்தில் டவுசரோடு ஒரு பொடியன் நிற்கிறான். கேமராவைப் பார்க்காமல் அந்தக் கோட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அது நீதான். அந்தக் கோட்டு வேண்டும் என்று தரையில் புரண்டு அழுது அப்பாவிடம் அடி வாங்கினாய். பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள்.

என் கல்யாணத்தில் ஊதினவனை நீ சீமைக்கு அனுப்பி வைத்திருக்கிறாய். அதற்கும் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு மனிதனுடைய வாயைக் கிழித்துவிட்டல்லவா அனுப்பியிருக்கிறாய்.

வேட்டி சட்டை எடுத்துக் கொடு என்று இன்னொரு முறை எனக்கு எழுதாதே. பொம்மையைத் திருப்பி அனுப்புகிறேன். இதை வீட்டில் வைத்திருக்க எனக்குக் கூசுகிறது.

திருவிழாவுக்கு வா.

லட்சுமி

---

திண்டிவனம்
6-7-1984

அக்கா,

உன் கடிதம் என் தலையில் கல்லைப் போட்டது. நன்றாக யோசித்துச் சொல், இது நிச்சயமா? கொத்தனார் பழைய சிலையில் மிச்சம் இருந்ததைப் பார்த்தும் செய்திருக்கலாம் அல்லவா? தோள் குஞ்சமாவது பழைய சிலையிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு உண்டா? அந்தப் போட்டோவை ஒரு வாரத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி வை. அப்படியே திருப்பிவிடுகிறேன்.

ஹார்ட்லிக்கு இன்றைக்கே தந்தி கொடுத்துவிட்டேன். பின்னால் நான்கு பக்கம் விமானத் தபாலும் எழுதிவிட்டேன். மறைத்து வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தவறு என்று தெரிந்த பிறகு ஒரு நாள்கூட அதை நிற்கவிடக் கூடாது. இல்லையென்றால் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தப்பான வர்ணம் பூசிக்கொண்டே இருப்பார்கள். என்னை நம்பியவர்கள் அவர்கள். அடுத்த இதழில் என் பெயரிலேயே திருத்தம் வரும். என் மானம் போகும், போகட்டும்.

போட்டோவை மறக்காதே.

சீனு

---

விழுப்புரம்
29-7-1984

சீனுவுக்கு,

உன் கடிதத்தில் சின்னக்கண்ணு என்ற பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. தெரியாத ஊரில் யாரோ பொம்மைக்குத் தப்பு வர்ணம் பூசிவிடக் கூடாது என்று தந்தி கொடுத்திருக்கிறாய். விழுப்புரத்துக்கு ஒரு பஸ் ஏற உனக்குக் கால் வரவில்லை. உன்னை யோக்கியன் என்றுதான் அந்த இங்கிலாந்துக்காரன் நினைப்பான். அதை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

நேற்று முன்தினம் திருவிழா. உன்னை எதிர்பார்த்துக் கெடார் பஸ் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே சொல்லிவிட்டேன்.

பொங்கல் வைத்துப் படையல் போட்டு எல்லோரும் நிற்கிற நேரம். சிப்பாய் வீரன் நெஞ்சில் நீ சுரண்டின இடம் அப்படியே இருந்தது. பரிகாரம் முடியாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாதாம். ஊர்ப் பெரியவர் பெரியதம்பியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இத்த செஞ்சது என் தம்பி. சின்னக்கண்ணு குடை புடிச்சவன். அவன் சொன்னது அத்தனையும் நெசம்" என்றேன். உன் மாமா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஊரே நம் வீட்டு மேல் பாயும், என்னைத் திட்டும், உன்னைக் கூட்டி வரச் சொல்லும் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் தயாராகத்தான் நின்றேன்.

பெரியதம்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு, சாவகாசமாகச் சொன்னார்: "அது அன்னிக்கே தெரியும்மா. குடையில எழுத்து இருந்துச்சே. அதுக்குன்னு ஒங்க தம்பியக் கட்டி வெச்சி அடிக்க முடியுமா? சாமி குத்தமாச்சே, யாரையாச்சும் அடிக்கணும் இல்ல?"

யாரும் அதிர்ச்சி அடையவில்லை சீனு. இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி பொங்கலைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். நான் இத்தனை வருஷம் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. என் கையால் எத்தனை பேருக்கு அங்கே சோறு போட்டிருப்பேன்.

இன்னும் கேள். "தம்பி வெள்ளக்காரன் காலத்து உடுப்பெல்லாம் படிச்சவராமே, கண்ணையன் சொன்னாரு" என்றார் பெரியதம்பி. உன் மாமா எப்போது சொன்னார், எதற்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. "அவரையே வரச் சொல்லும்மா. ஆவணி மொத வெள்ளி பரிகாரம் பண்ணிடலாம். சாமிக்கு எந்தக் கலரு அடிக்கிறதுன்னு அவரே சொல்லட்டும். பரிவட்டம் கட்டி மரியாத பண்ணிடுவோம்." சின்னக்கண்ணுவுக்கு என்ன பரிகாரம் என்று கேட்டேன். "அவனுக்கு என்னாம்மா? வேலைக்கு வரச் சொல்லுங்க, யாரு வேணாம்னா?" என்றார்.

வேலைக்கு வர அவன் அங்கே இல்லை. போன வாரமே முனியம்மாளை அவள் தாய்வீட்டில் விட்டுவிட்டு, திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டியில் மூட்டை தூக்கப் போய்விட்டான். போகிற வழியில் இங்கே வந்தான். அந்தக் குடை அவன் கையில் இருந்தது. அடித்து முடித்ததும் அவன் மேலேயே வீசிவிட்டுப் போனார்களாம். என்னிடம் கொடு, நான் சேர்த்துவிடுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. "பத்திரமா வெச்சிருக்கச் சொன்னாருங்க, அவரு கையிலயே குடுத்துர்றேன்" என்றான். அவனுக்குச் சரியாகப் பேச வரவில்லை. கீழுதடு ஒரு பக்கம் கோணலாகச் சேர்ந்திருக்கிறது.

உன் விலாசத்தைக் கொடுத்தேன். அவன் வருவான்.

உன் மாமாவுக்குச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை. உனக்கும் இதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் இல்லை. போட்டோவை அனுப்ப மாட்டேன். அதைச் சுவரில் திரும்பவும் மாட்டவும் இல்லை.

லட்சுமி

---

திண்டிவனம்
13-8-1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

பெரியதம்பி ஆள் மூலம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு அனுப்பியிருந்தார். வரவில்லை என்று எழுதிவிட்டேன். காரணம் என்ன எழுதினேன் தெரியுமா? லீவு இல்லை என்று. அதை எழுதும்போதுகூட எனக்கு வேறு ஒன்றும் எழுத வரவில்லை. சீ என்று ஆகிவிட்டது.

ஹார்ட்லியிடமிருந்து பதில் வந்தது. என் நேர்மையைப் பாராட்டி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதைக் கிழித்துப் போட்டேன். மேசை மேல் இருந்த சிப்பாய்களை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி மூடிவிட்டேன். அவற்றைத் தொடவே பிடிக்கவில்லை.

சின்னக்கண்ணு நேற்று வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. கேட்டுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று ராஜாமணி சொன்னாள். போய்ப் பார்த்தேன். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு நின்றான். குடை கையில்தான் இருந்தது, விரிக்கவில்லை, கக்கத்தில் இடுக்கியிருந்தான். "குடை வெச்சிக்கினு ஏம்ப்பா நனையறே, விரிச்சிக்கினு வரக் கூடாதா?" என்று கேட்டேன். முதலில் என் வாயில் வந்தது அதுதான்.

"ஒருவாட்டி புடிச்சது போதுங்க" என்றான்.

நீ சொன்னபடிதான் உதடு இருந்தது. நான் அதைப் பார்க்காமல் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி ஒன்று வளைந்திருந்தது, மற்றபடி துடைத்துச் சுத்தமாக இருந்தது. உள்ளே வா என்றேன். வரவில்லை. ராஜாமணி டீ கொண்டு வந்தாள். எந்த டம்ளரில் கொண்டு வந்தாள் என்று நீ கேட்காதே. அவன் அதைப் பார்த்தான், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். குடையைக் கேட்டின் மேல் மாட்டினான். என் கையில் கொடுக்கவில்லை.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் அவன் கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, அக்கா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் பிடித்த குடைக்கு அடியில்தானே நடந்தது.

"சாமி கோட்டு என்னா கலருன்னு தெரிஞ்சிபோச்சுங்களா?" என்றான்.

"சிவப்பு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மண்டிப் பக்கம் நடந்து போனான். சொல்ல வேண்டியதற்குப் பதில் நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான்.

சீனு